அவளை மாதிரியே ஒருத்தி

மாத்திரையும் தண்ணீருமாக அவள் அறைக்குள் நுழைந்ததும் அவர் கட்டிலை விட்டு எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டார். "அங்கயே வைங்க. நானே எடுத்துக்கறேன்." கல்யாணமான நாளிலிருந்து வாடி, போடி என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷன். அந்த 'வைங்க'வைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகு சில்லிட்டது. மரியாதை இப்படியும் பயமுறுத்தும் என்று யார் கண்டார்கள்?

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அவர். வேலை முடிந்து திரும்பும்போது எதிரே வந்த லாரி அவருடைய வேனைப் புரட்டிப் போட்டுவிட்டது. தலையில் பலத்த அடி. பிழைத்தால் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் இழுத்தார்கள். பிழைத்தார். தையல் போட்ட இடத்தில் முடிகூட வளர்ந்துவிட்டது. அவளுடைய அண்ணனைத் தெரிந்தது, பக்கத்து வீட்டுக்காரரைத் தெரிந்தது, என்றைக்கோ கழற்றி மாட்டிய கம்ப்ரஸர்கூட நினைவிருந்தது. அவளைப் பார்த்தபோதுதான், "இவங்க யாரு? என் பொண்டாட்டி மாதிரியே இருக்காங்க" என்றார்.

"முகம் தெரியுதும்மா அவருக்கு. பாத்ததும் நம்மவங்கன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லுமில்ல, அதுதான் அடிபட்டிருக்கு" என்றார் டாக்டர். சரியாகலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அவள் வேலை செய்வது திரைச்சீலை தைக்கும் கடையில். சாப்பிட்டாரோ என்னவோ என்று ஒரு நாள் மனசு கேட்காமல் அங்கிருந்து ஃபோன் செய்தாள். "எங்கடி போய்த் தொலைஞ்ச? எத்தனை நாளா உன்னத் தேடுறேன்!" அதே குரல், அதே கோபம். துணி மூட்டை மேலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குரலுக்கு இருந்த பாக்கியம் முகத்துக்கு இல்லை.

அதற்குப் பிறகு மத்தியானம் ஆனால் ஃபோன். அவர் ரகசியமாகப் பேசுவார். "வீட்ல ஒருத்தி இருக்காடி. உன் சேலையத்தான் கட்டிக்கிறா. உன்ன விட நல்லா சமைக்கிறா, அதுலதான் கண்டுபிடிச்சேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அவ ஒண்ணும் செய்யமாட்டாங்க" என்றாள். "உனக்குத் தெரியாது. ராத்திரி நின்னு என்னையே பாக்குறா." போர்வை போர்த்திவிடத்தான் நின்றாள். இப்போதெல்லாம் கண்ணாடியில் தலை வாரும்போது அந்த இன்னொருத்தியை நினைத்து அவளுக்கே திக்கென்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் குரல் நிதானமாக இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது. "கதவத் தாப்பா போட்டுட்டேன். அவ வரட்டும், இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடறேன். நீ நேரா வந்துடு. உனக்கு டீ போடப் பால் வச்சிருக்கேன்."

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள். வழியில் அண்ணனைக் கூப்பிட்டாள். "நான் வர்ற வரைக்கும் உள்ள போயிடாத, சொன்னா கேளு" என்றான் அண்ணன்.

நிற்கத்தான் நினைத்தாள். ஆனால் மாடிப்படி ஏறும்போதே பால் தீய்ந்த வாடை வந்தது. கதவிடுக்கில் புகை கசிந்தது. உள்ளே அவர் இருமினார். ஃபோனில் அவரைக் கூப்பிட்டாள்.

"வெளியதான் நிக்கிறேங்க. அடுப்ப அணைங்க."

"அணைக்கிறேன், அணைக்கிறேன்." எதையோ உருட்டும் சத்தம். "வழியில அவளப் பாத்தியா?"

"இல்ல."

"பக்கத்துல யாரும் இல்லையே?"

"நான் மட்டும்தாங்க."

உள்ளிருந்து மூச்சு வாங்குவது ஃபோனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது. அவளுக்கு அந்த நொடியில்தான் தோன்றியது. "கண்ண மூடிட்டுத் திறங்க."

"இந்த வயசுல என்னடி விளையாட்டு?"

"எனக்காக."

தாழ்ப்பாள் விலகியது. புகைக்கு நடுவே அவர் நின்றிருந்தார், சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கி மூடியபடி. வலது கையில் பெரிய ஸ்பேனர். இடது கை அவள் பக்கமாகக் காற்றைத் துழாவியது. அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டியா" என்றார். அவர் முகமெல்லாம் மலர்ந்தது. விரல்கள் அவள் விரல்களை நொறுக்கிவிடுவதுபோல் இறுக்கின. ஸ்பேனர் இன்னும் கீழே இறங்கவில்லை. புகை பட்டு இமையோரம் நீர் கோத்து, இமைகள் துடிக்க ஆரம்பித்தன.

"இன்னும் கொஞ்ச நேரம், திறக்காதீங்க" என்றாள் அவள்.