பதினோரு பொத்தான்கள்

இளவரசனுக்குப் பத்தொன்பது வயது. குதிரையேற்றம் வரும், மூன்று மொழி வரும்; பொய் சொல்ல மட்டும் வராது. அதனால் அந்த வேலையை ஒரு கத்திரிக்கோலிடம் விட்டிருந்தான்.

அந்த அரண்மனையில் ஒரு சட்டம் உண்டு. இளவரசனின் கோட்டில் பொத்தான் அறுந்தால், அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கும்போதே தைக்க வேண்டும். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ, அவருக்கு இளவரசன் தினமும் மனதுக்குள் கும்பிடு போட்டான். தைக்க வருகிறவள் அப்படி. புதிதாகச் சேர்ந்த தையல்காரி, இவன் வயதுதான். பேச்சு சுருக்கென்று குத்தும் என்பதால் அரண்மனையில் அவளுக்கு 'ஊசி' என்றே பெயர்.

முதல் பொத்தான் தானாகத்தான் அறுந்தது. சத்தியம் செய்தே சொல்லலாம். அடுத்த பத்தும் இவன் கைங்கரியம். விழுந்த ஒவ்வொன்றையும் இவன் பையில் பத்திரப்படுத்துவான்; அவள் புதிதாக ஒன்று தைப்பாள்.

"மறுபடியுமா?" என்பாள் ஊசி. "நெஞ்சுக்குள்ள குதிரையா வளர்க்கிறீங்க?"

"மூச்சு கொஞ்சம் பலமா விடுவேன்."

"இப்ப விடாதீங்க. குத்திடும்."

இரண்டு நிமிட வேலை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பான். அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் தைரியம் இல்லை. இவன்தான் நாளைக்கு நாட்டை ஆளப்போகிறானாம்!

பன்னிரண்டாம் நாள் தையலறைக்கு மகாராணியே வந்துவிட்டார். இளவரசனும் பின்னாலேயே ஓடி வந்தான்.

"பதினோரு தடவை அறுந்திருக்கு. ஒரு பொத்தான் ஒழுங்கா தைக்கத் தெரியல. நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார் ஊசியிடம்.

ஊசி தன் தையல் பெட்டியை மூடினாள்.

விளையாட்டு வினையாகும் என்பார்கள். இவ்வளவு சீக்கிரம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே! வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வேலை போகும், திறந்தால் இவன் மானம் போகும். போனால் போகட்டும் என்று இளவரசன் கால்சட்டைப் பையைக் கவிழ்த்தான். பதினோரு பொத்தான்களும் மேசைமேல் உருண்டன.

"ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் நான்தாம்மா வெட்டினேன். அவங்க தையல்ல ஒரு குறையும் இல்ல. அவங்க வரணும்னுதான்..." காது இரண்டும் சிவந்துவிட்டன.

மகாராணி மகனைப் பார்த்தார். பிறகு ஊசியைப் பார்த்தார்.

"உனக்கு இது தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும்ங்க. தானா அறுந்த நூல் பிசிறு பிசிறா இருக்கும். இது நேரா வெட்டியிருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

ஊசி முதல்முறையாகத் தடுமாறினாள். "சொன்னா நிறுத்திடுவாரே."

இளவரசன் ஈயென்று இளித்தான். சிரிப்பு மகாராணிக்கும் வந்தது. ஆனால் மகாராணி ஆயிற்றே, அடக்கிக்கொண்டார்.

"சரி, வேலையில இரு. ஆனா இனிமே இவன் கோட்டுக்குப் பொத்தானே கிடையாது. ஜிப்பு வெச்சிடு."

இளவரசனின் முகம் தொங்கிப்போனது. ஊசியோ பெட்டியை மறுபடி திறந்தபடி, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்:

"வெச்சிடறேன் மகாராணி. ஆனா ஜிப்பு அடிக்கடி மாட்டிக்கும்."