மச்சானுக்குப் பொருந்தாத பிளக்

பல் டாக்டர் மின்சாரக் கார் வாங்கியதற்கு ஊரெல்லாம் சொன்ன காரணம் சுற்றுச்சூழல். உண்மையான காரணம் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தண்ணீர் பம்பு வியாபாரம். கடையில் முதுகுக்குப் பின்னால் எந்நேரமும் பம்புகள் ஓடும். அவற்றை மீறிக் கத்திக் கத்தி, அவருடைய சாதாரணக் குரலே அந்த அளவுக்கு ஏறிப் போயிருந்தது. "ஒரு ரகசியம் சொல்றேன் மாப்ள" என்று அவர் ஆரம்பித்தால் எதிர்வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைப்பார்கள். குடியிருப்பு அடுத்த தெரு. இருட்டுவதற்குள் தங்கை வீட்டு சோபாவுக்கு வந்துவிடுவார்.

டாக்டரோ பகலெல்லாம் அடுத்தவர் வாயில் கையை விட்டுக்கொண்டு, தான் மட்டும் பேசியே பழகியவர். வீட்டுக்கு வந்தால் நிலைமை அப்படியே தலைகீழ். பதில் சொல்ல முடியாமல் வாய் பிளந்து கிடக்கிற நோயாளிகளின் வேதனை, மச்சான் எதிரே உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

மச்சானிடமும் மின்சாரக் கார்தான், ஆனால் வேறு கம்பெனி. அதன் பிளக் தலைமுடி உலர்த்தும் கருவி மாதிரி தடியாக இருக்கும். டாக்டர் தேடித் தேடி வாங்கிய காரின் பிளக் ஒல்லி. அந்தக் கம்பெனியின் சார்ஜிங் நிலையத்தில் ஒல்லி பிளக் மட்டும்தான் தொங்கும். மச்சானின் வண்டி தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அங்கே ஒரு சொட்டு கரண்ட் கிடைக்காது.

சொர்க்கம் என்றால் அதுதான். வரிசையாக வெள்ளைத் தூண்கள், மேலே கூரை, பக்கத்தில் ஒரு காப்பி மெஷின். வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். டாக்டர் சீட்டைச் சாய்த்து, ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி சும்மா இருப்பார். அந்தச் சும்மாவுக்காகத்தான் அவர் நாள் முழுக்க ஈறுகளைக் கிளறினார்.

ஒரே ஒரு சிக்கல். பேட்டரி நிறைந்திருந்தால் அங்கே நிற்க விடமாட்டார்கள். அதனால் கிளினிக்கை மூடியதும் ஏசியை உச்சத்தில் வைத்து, கூடவே சீட் ஹீட்டரையும் போட்டு, முன்னால் நடுங்கிக்கொண்டும் பின்னால் வெந்துகொண்டும் ஊரைச் சுற்றுவார். போதுமான அளவு கரண்டை வீணடித்த பிறகு, சுற்றுச்சூழலைக் காக்க நிலையத்துக்குள் நுழைவார்.

அப்போதுதான் கம்பெனி அந்த அறிவிப்பை விட்டது. இனி நிலையங்கள் எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் திறந்திருக்கும். அடாப்டர் ஒன்றை வாங்கி நடுவில் மாட்டிக்கொண்டால் போதும்.

அன்றைக்கு நிலையத்தில் முதல் தடவையாக எல்லோரும் கண்ணாடியை இறக்கினார்கள்.

"இது நம்ம வீட்டுக் கதவைக் கேக்காம கழட்டிட்டுப் போற மாதிரி சார்," என்றார் ஒரு ஆடிட்டர்.

"கண்டவங்களும் வருவாங்க," என்றார் பக்கத்துக் கார்க்காரர்.

கண்டவர்கள் வரட்டும், ஒருத்தர் வராமல் இருந்தால் போதும் என்பது டாக்டரின் கவலை.

அன்றைக்கு ராத்திரியே சோபாவில் மச்சான் பேச்சை எடுத்தார். "உங்க ஸ்டேஷனுக்கு இனிமே நாங்களும் வரலாமாமே மாப்ள?"

"அந்த அடாப்டர் சுத்த வேஸ்ட் மச்சான். சூடாகும். பேட்டரிக்கு ஆகாது."

"அப்படியா?"

"பல்லுக்குச் சரியா உக்காராத கேப் மாட்டினா என்ன ஆகும்? உள்ள சொத்தை விழும். அதே கதைதான்."

"அய்யய்யோ, ரெண்டு ஆர்டர் போட்டுட்டேனே! ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கட்டும்னு."

அடாப்டர் வந்து சேர்ந்தது. அரைச் செங்கல் அளவு. அதைக் கையில் தூக்கிக்கொண்டு, பரிசுக் கோப்பை வாங்கியவர் போல மச்சான் நிலையத்தில் வந்து இறங்கினார்.

"மாப்ள!"

எல்லாக் காரும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தன.

"உங்க ஆளா?" என்றார் ஆடிட்டர்.

"பேஷண்ட்," என்றார் டாக்டர்.

"என் தங்கச்சி புருஷன்!" என்று மச்சான் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார். மிச்ச மரியாதையும் அத்தோடு போயிற்று.

கொடுமை அதோடு முடியவில்லை. ஒல்லி பிளக் கம்பெனிக் கார்களுக்கு சார்ஜ் போடும் ஓட்டை இடது பின்பக்கம். அதற்கேற்றபடி கேபிளைப் பூனை வால் நீளத்துக்குத்தான் விட்டிருந்தார்கள். மச்சான் காருக்கோ வலது முன்பக்கம். கேபிள் எட்ட வேண்டும் என்றால் ரெண்டு இடத்தை அடைத்துக் குறுக்கே நிறுத்த வேண்டும். "லெஃப்ட்ல ஒடிங்க மச்சான், இன்னும், போதும், போதும்னு சொல்றேன்ல!" என்று டாக்டரே கை காட்ட வேண்டியதாயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பிளக் ஒருவழியாக உட்கார்ந்ததும் மச்சான் டாக்டரின் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"என் வண்டியில ஏசி போட்டா சார்ஜ் மெதுவா ஏறும் மாப்ள. இங்கேயே உக்காந்துக்கிறேன். பம்புல ரெண்டு வகை இருக்கு தெரியுமா?"

டாக்டருக்குத் தெரியும். அந்த ரெண்டு வகையையும் அவருக்குக் கல்யாணத்தன்றைக்கே மச்சான் சொல்லி முடித்திருந்தார்.

வீட்டில் பேசும்போதாவது தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போகலாம். காருக்குள் எங்கே போவது? மச்சான் பிஸ்கட் தின்றார், தூளை சீட்டுக்கு விட்டார், தினமும் வந்தார். டாக்டர் இளைத்தார். ஒருநாள் நல்ல பல்லைப் பிடுங்கப் போனவரை நர்ஸ்தான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

விரக்தியில்தான் அந்த அறிவிப்பை அவர் மறுபடி முழுக்கப் படித்தார். திறப்பு ஒருவழிப் பாதை இல்லையாம். தடிப் பிளக் கம்பெனியும் தன் நிலையங்களைத் திறந்து விட்டிருந்தது. ஒல்லி வண்டிக்காரர்களும் ஒரு அடாப்டர் வாங்கினால் அங்கே போகலாம். புத்தியுள்ள எவனும் போகமாட்டான் என்பதால் அதைக் கடைசிப் பத்தியில் போட்டிருந்தார்கள்.

டாக்டர் வாங்கினார்.

மெத்தைக் கிடங்கு ஒன்றின் பின்பக்கம் அந்த நிலையம் இருந்தது. கூரை கிடையாது, காப்பியும் கிடையாது. ஒரு தூணின் திரை செத்திருந்தது, இன்னொன்றில் கேபிளையே காணோம். உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று, அதில் ரெண்டு பிளக். ஒரு பிளக்கில் ஒரு சின்னக் கார் மாட்டியிருந்தது. உள்ளே சீட்டைச் சாய்த்து, காலைத் தூக்கி டேஷ்போர்டில் போட்டு, கண்ணை மூடியபடி ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார் ஒரு அம்மாள்.

மச்சானின் மனைவி. பேங்க் மேனேஜர்.

டாக்டர் ரிவர்ஸ் எடுக்கப் போனார். அதற்குள் கண்ணாடி இறங்கியது.

"தம்பி, அவர் அனுப்பினாரா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. நீங்க எப்படி இங்க?"

"முன்னெல்லாம் என் வண்டிக்கும் சேர்த்து அவரே இங்க சார்ஜ் போட வருவார். கூட நானும் வரணும், பேச்சுத் துணைக்கு. உங்க கம்பெனி கதவைத் திறந்து விட்டுச்சு, அவர் அங்க ஓடிட்டார். எனக்கு விடிஞ்சுது." அவர் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அவர் அங்க வந்துட்டார்," என்றார் டாக்டர்.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடன் கேட்டு வந்தவரைப் பார்க்கிற கண்ணோடு அக்கா சற்று நேரம் யோசித்தார்.

"இருக்கலாம். ஆனா பேசக் கூடாது. வீட்டு விஷயம், குழந்தைங்க படிப்பு, என் கடைவாய்ப் பல், எதுவும் கூடாது. போகும்போது வரேன்னுகூட சொல்லக் கூடாது."

"சரிக்கா."

"இப்ப சொன்னதே அதிகம்."

டாக்டர் தலையை மட்டும் அசைத்தார். இறங்கி அடாப்டரைப் பொருத்தி, மிச்சமிருந்த பிளக்கை மாட்டினார். அக்காவின் போன் அலறியது. திரையில் மச்சான் முகம் சிரித்தது. அக்கா எடுக்கவில்லை.

"சார்ஜ் ஏறும்போது போன் எடுத்தா வண்டி வெடிச்சிடும்னு சொல்லி வெச்சிருக்கேன்," என்றார், விதியைத் தானே மீறி. "நம்பிட்டார்."

அது ஓய்ந்ததும் டாக்டரின் போன் அலறியது. எடுக்கலாமா என்று அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வேண்டாமென்று தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தூணின் திரை ஒரு அறிவிப்பைக் காட்டியது. ஒரே தூணில் ரெண்டு வண்டி மாட்டியிருப்பதால் கரண்ட் பங்கிடப்படுகிறது, வேகம் பாதியாகக் குறையும், சிரமத்துக்கு வருந்துகிறோம்.

டாக்டர் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். "சாரிக்கா, என்னால உங்களுக்கு ரெண்டு மடங்கு நேரமாகும்..."

"கையை எடுங்க!" என்றார் அக்கா. பேங்கில் பாதுகாப்பு அறைச் சாவியைத் தொட்டால்தான் அந்தக் குரல் வருமாம்.

டாக்டர் கையை எடுத்தார். காருக்குள் போய் சீட்டைச் சாய்த்தார். ரெண்டு கண்ணாடியும் ஒரே சமயத்தில் மேலே ஏறின.