பாக்கெட்டிலிருந்த சாவி

கையெழுத்துப் போடக் குனிந்தவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"இதுல எழுதியிருக்கிறது பொய்."

பிணவறை வாசலில் நின்ற சூப்பர்வைசர் குரலைத் தணித்தார். "அண்ணி, மாவு பிசையிற மிஷினுக்குள்ள ரிப்பேருக்கு இறங்கினாரு. மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட மறந்துட்டாரு. தெரியாம யாரோ ஆன் பண்ணிட்டாங்க. அதைத்தான் எழுதியிருக்கோம்."

"போட்டுடேன்மா. சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்," என்றான் அவள் அண்ணன்.

"நீ கொஞ்சம் சும்மா இரு."

பதினேழு வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் அவள். அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவர், அணைத்தோமா என்று எழுந்துபோய்ப் பார்ப்பார். ரொட்டி ஆலையில் அவருக்குப் பட்டப்பெயரே 'பூட்டு'. அவரா மறந்தார்?

மேஜைமேல் அவருடைய சாமான்கள் கிடந்தன. கைக்கடிகாரம், ஆலையிலிருந்து வந்த டிபன் பாக்ஸ், சட்டைப் பாக்கெட்டில் இருந்த குட்டிச் சாவி. சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு, விசாரணைக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் எதிரே போய் நின்றாள்.

"சார், இது அந்தப் பூட்டோட சாவி. பூட்டினாத்தான் வெளிய வரும். திறந்திருந்தா உள்ளயே பிடிச்சுக்கும்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"டாக்டர் எனக்கு இனிப்பு கூடாதுன்னதும் ஃப்ரிட்ஜுக்கே இந்தப் பூட்டைப் போட்டுட்டாரு. ஒரு வாரம் அதோட மல்லுக்கட்டியிருக்கேன்."

இன்ஸ்பெக்டரின் பார்வை சூப்பர்வைசரின் இடுப்புக்குப் போனது. பெல்ட்டில் ஆலை எல்லாருக்கும் கொடுத்த அதே சிவப்புப் பூட்டு தொங்கியது.

"அதைக் கழட்டுங்க."

அதன் சாவியையும் வாங்கி இன்ஸ்பெக்டர் பூட்டைத் திறந்து, சாவியை இழுத்தார். அசையவில்லை. அழுத்திப் பூட்டினார். வழுக்கிக்கொண்டு வந்தது.

"அப்ப அவரு பூட்டியிருக்காரு. அந்தப் பூட்டு எங்க?"

சூப்பர்வைசர் கைக்குட்டையைத் தேடினார். "நாப்பது நிமிஷமா வேலை நின்னுபோச்சு சார். கூப்பிட்டேன், பதிலே இல்ல. முடிச்சிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சு… வெட்டச் சொன்னேன்."

"உள்ள எட்டிப் பாத்தீங்களா?" என்றாள் அவள்.



இன்ஸ்பெக்டர் அந்தக் கையெழுத்தில்லாத தாளை மடித்துத் தன் ஃபைலுக்குள் வைத்தார். சாவியை ஓர் உறையில் போட்டு ஒட்டினார்.

"கவனக்குறைவால ஒருத்தர் உயிர் போன கேஸ் இது. வாங்க, பூட்ட வெட்டின இடத்தைக் காட்டுங்க."

ஜீப் கிளம்பிய பிறகு, கடிகாரத்துக்கும் டிபன் பாக்ஸுக்கும் அவள் கையெழுத்துப் போட்டாள். டிபன் பாக்ஸ் லேசாக இருந்தது. திறந்தாள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஸ்பூனை உள்ளே படுக்க வைத்திருந்தார்.

மூடியை அழுத்தி மூடினாள். இரண்டடி நடந்தவள் நின்று, சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.