பார்வை மேடையிலிருந்து தெரிபவை

1

இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல; கேட்டு வாங்கப்பட்டது. கடற்கரைப் பாதுகாப்புப் பூங்காவில் பறவை பார்க்க ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். அதன் திறப்பு விழா மலரில், வாழ்த்துரைகள் போக மிஞ்சும் பக்கங்களுக்கு ஒரு கதை வேண்டும் என்று விழாக் குழுத் தலைவர் கூப்பிட்டார்.

"இயற்கை, வரலாறு, பொழுதுபோக்கு, மூணும் வரணும் சார். கடைசியில கொஞ்சம் நம்பிக்கையும் இருக்கட்டும்."

என்னைத் தேர்ந்தெடுத்தது என் எழுத்துக்காக என்று நம்பினேன். பூங்காவின் கண்காணிப்பாளர் என் அக்கா கணவர் என்பது அவருக்கும் தெரியும் என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஆயிரமாண்டு ரகசியங்களை அலைகள் கரையின் காதில்

(அடித்துவிட்டேன். அலைகள் எந்த ரகசியத்தையும் சொல்வதில்லை. நுரையோடு ஒரு செருப்பைக் கொண்டுவந்து போடும். அதுவும் ஒற்றைச் செருப்பாக இருக்கும்.)

இரண்டாவது: "பகைவரின் கப்பல்களை எதிர்நோக்கி இம்மண்ணில் நிறுவப்பட்ட பீரங்கியானது

(கப்பல் வரவில்லை. பீரங்கி சுடவும் இல்லை. 'ஏறாதீர்கள்' என்ற பலகைக்குப் பக்கத்தில் இப்போது குழந்தைகள் அதில் ஏறிச் சறுக்குகிறார்கள். அதன் ஆயுளில் அது செய்த உருப்படியான வேலை அதுதான். தலைவரே, வரலாறும் பொழுதுபோக்கும் முடிந்தன.)

மூன்றாவது: "ஒரு மனிதர் தன் மனைவிக்காக ஒரு மேடை கட்டினார்."

இதை அடிக்கக் கை வரவில்லை.

3

அந்தப் பூங்காவில் ஒரு மணல் திட்டு உண்டு. ஆலா என்னும் கடற்பறவை பருவம் தவறாமல் அங்கே வந்து, வெறும் கூழாங்கல் தரையில் முட்டையிடும். முட்டையும் கல் நிறம், குஞ்சும் கல் நிறம். மாமாவும் அக்காவும் கல்யாணமான புதிதிலிருந்து மணலில் நடந்துபோய் அவற்றைத் தள்ளி நின்று பார்ப்பார்கள். வேறு ஊர் சுற்றல் அவர்களுக்குக் கிடையாது.

பிறகு அக்காவின் மூட்டு தேய்ந்தது. போன பருவத்தில் அவள் வண்டி நிறுத்துமிடத்தில் காரிலேயே உட்கார்ந்திருக்க, மாமா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"குஞ்சு பொரிச்சிடுச்சா?"

"பொரிச்சிடுச்சு."

"எத்தனை?"

"எங்க எண்ண விடுது, ஓடுதே."

அக்கா சிரித்தாளாம். சிரித்துவிட்டு எதிரே இருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. அந்த மழைக்காலத்திலேயே, திட்டின் விளிம்புவரை சக்கர நாற்காலியும் ஏறும்படி சரிவுப் பாதையோடு மேடை எழும்பியது. பறவைகள் இல்லாத காலத்தில்தான் கட்டினார்கள். எல்லா விதியும் காப்பாற்றப்பட்டது.

விதியில் காகங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. உயரமாக ஒரு கைப்பிடி கிடைத்ததும் அவை வரிசையாக வந்து அமர்ந்து, கீழே முட்டையைத் தேடின. தலைமை விருந்தினரின் தேதிக்காக மேடைதான் காத்திருந்தது. காகங்கள் தாங்களே திறந்துவைத்துக்கொண்டன. இந்தப் பருவத்தில் வந்த ஆலாக்கள் சில நாள் வட்டமிட்டுக் கத்தின. பிறகு போய்விட்டன.

(இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பறவைகளோடு காலம் தள்ளிய மனிதருக்கு இது முன்பே தெரியாதா? வாசகர் கேட்பாரே என்று நானே கேட்டுவிட்டேன்.

"காக்கா உட்காரும்னு தோணலையா மாமா?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

"கைப்பிடி இல்லாம உங்கக்கா எதைப் பிடிச்சுக்குவா?")

4

ஒரு சாயங்காலம், சரிவுப் பாதை வாசலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, மாமா அக்காவை மேடைக்குக் கூட்டிப்போனார். பறவைகள் போனதை அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமலே பைனாகுலரைக் கொடுத்தார்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "அதோ, கல்லுக்கு நடுவுல. அடை காக்குது."

அவள் காட்டிய இடத்தில் கல்தான் இருந்தது.

"ஆமா," என்றார் மாமா.

அவருக்காக அவள் பொய் சொன்னாள் என்று எழுதினேன். 'கருணையின் பேருருவாய் அவள்' என்று ஒரு வரியும் சேர்த்து, அந்த வரியை இரண்டுமுறை வாய்விட்டுப் படித்து ரசித்தேன்.

5

நான் எழுதியிருந்த காகிதத்தை அக்கா மூக்குக்கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் படித்தாள்.

"என்னடா இது. படிச்சா எனக்கே என்னைக் கும்பிடணும் போல இருக்கு."

"அப்போ நிஜமாவே பார்த்தியா?"

"காக்காவைப் பார்த்தேன். கருணையாம். எனக்குக் கோபம்தான் வந்துச்சு. யாரு கேட்டா மேடை? நான் கார்லயே உட்கார்ந்திருப்பேன். அந்த ஆலாங்களாவது இருந்திருக்கும்."

"அதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் திரும்பினேன். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன்." காகிதத்தைத் திருப்பித் தந்தாள். "பறவை வந்துச்சுன்னு எழுது. அவர் படிப்பாரு."

"பொய்யாச்சே அக்கா."

"நீ என்னமோ இவ்வளவு நாளா கோர்ட்டுல சாட்சி சொன்ன மாதிரி."

6

மறுநாள் மாமா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"கதையில பறவை போயிடுச்சுன்னு எழுதிடாதேப்பா. அவ பார்த்ததா நம்பிட்டு இருக்கா."

"மேடையைக் கழட்டித் திட்டுக்குத் தூரமா வைக்க முடியாதா?"

"முடியும். திறக்கறதுக்கு முன்னாடின்னா நான் எழுதிக் கொடுத்தாப் போதும். மரமும் திருகாணியும்தானே. அடுத்த பருவத்துக்கு அதுங்க திரும்பி வரக்கூடும்." வாசலில் செருப்பைத் தேடினார். "ஆனா ஏன் கழட்டறேன்னு அவ கேட்பாளே."

7

தலைவருக்கு ஒரு முடிவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ரிப்பன் வெட்டுப்படும் கணத்தில் ஆலாக்கள் கூட்டமாகத் திரும்புகின்றன. படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டதாகச் சொன்னார். விழா மேடையில் என்னை எங்கே உட்காரவைப்பது என்று யோசிப்பதாகவும் சொன்னார். கடைசி வரிசையாக இருக்கும்.

மலரில் அந்தக் கதை வரும். அக்காவும் மாமாவும் ஆளுக்கொரு தடவை படித்து, அவரவர் ஏமாற்றிய திருப்தியோடு மூடி வைப்பார்கள். மேடை அங்கேயே நிற்கும். காகங்கள் உட்காரும்.

நீங்கள் படித்தது இன்னொரு கதை. இது அச்சுக்குப் போகவில்லை. என் கையில் இருக்கிறது. இப்போது அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன். கதவைத் தட்டினால் யார் திறப்பார் என்று தெரியாது. யார் திறந்தாலும், மற்றவர் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்பார். இதைக் கொடுத்தால் ஆலாக்களுக்கு ஒரு பருவம் மிச்சமாகலாம். அதற்குப் பிறகு அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

திறப்பு விழா நாளைக் காலை. உள்ளே மாமா ஏதோ சொல்ல, அக்கா சிரிப்பது கேட்கிறது. தட்டவா?