மூச்சு வாங்குகிறவள்

"மூச்சு வாங்குதுன்னு ஒக்காந்துட்டா பஸ்ஸு நிக்குமா? எம் புள்ளையே ஹார்ட் பேஷண்ட்டு. பையத் தூக்கிக்கிட்டு மொதல்ல கெளம்பு."

வாசலில் நின்று கத்தினாள் மாமியார் தைலம்மாள். எழிலரசி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கும் கணவன் அருள்முருகனுக்கும் ரத்தக்கொதிப்பு இருப்பது ஒரே மருத்துவ முகாமில்தான் தெரியவந்தது. அவனுக்கு மாத்திரை, உப்பில்லாத தனிச் சமையல், பகல் தூக்கம் எல்லாம் கிடைத்தன. அவளுக்குக் கிடைத்தது, "தீட்டு நிக்கிற வயசு, கேஸ் டிரபிளு" என்ற பேச்சு மட்டும்தான்.

அவனுடைய ஹார்ட் செக்கப்புக்காகக் குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் அவள் நின்றுகொண்டே போனாள். இருந்த ஒரு சீட்டில் அவன் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி லிஃப்டிலும் அவனுக்கு மட்டுமே இடம் இருந்தது. பையோடு மாடியேறியவள், டாக்டர் வெண்மதியின் அறை வாசலில் பேச்சு வராமல் சரிந்து உட்கார்ந்தாள்.

"அவளுக்கு எப்பவும் இப்பிடித்தாங்க. என்னோட ஈசிஜியப் பாருங்க," என்றான் அருள்முருகன்.

வெண்மதி அதை வாங்கவில்லை. குனிந்து எழிலரசியின் வீங்கிய கணுக்காலை அழுத்தினாள். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. உடனே எக்கோ எடுக்கச் சொன்னாள்.

படத்தைப் பார்த்த பிறகு அருள்முருகனிடம் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் ஒரே பிரஷர்தான். ஒங்களுக்கு ஹார்ட் விரிஞ்சிருக்குன்னு போன தடவையே பாத்தோம். ஆம்பளைங்க பல பேருக்கு அப்பிடித்தான் ஆவும். இவுங்களுக்குச் சுவர் தடிச்சு உள்ள எடமே கொறஞ்சிபோச்சு. பொம்பளைங்ககிட்ட இதுதான் ஜாஸ்தி. நெஞ்சு வலி இல்லாம மூச்சு மட்டும் வாங்கும். அதான் யாரும் நம்பறதில்ல. இன்னிக்கே அட்மிட் பண்ணணும்."

"இவ படுத்துட்டா என்னைய யாரு பாத்துக்குவா?"

எழிலரசி அவனைப் பார்த்தாள். கோபம் பொங்கியது, சொல்லத்தான் மூச்சில்லை. நர்ஸ் காட்டிய கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சேத்தியாத்தோப்பிலிருந்து அவள் தம்பி பாலகுமார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான். நாற்காலியில் இருந்த அருள்முருகனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னா மாமா, இப்பிடி எளச்சிட்டீங்க! ஒடம்பப் பாத்துக்குங்க. அக்கா எப்ப வீட்டுக்கு வரும்? அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்னா பண்றீங்க?"

"ஓட்டலுதான். ஒத்துக்க மாட்டேங்குது."

எழிலரசி முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள்.

"பாலு, இப்பிடித் திரும்புடா. படுத்திருக்கறது நானு. எங்கிட்ட கேளு."

தம்பி திரும்பினான். அவளிடம் என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.