ஒற்றைத் துண்டுக் கியூ

கொட்டாஞ்சேனைப் பூல் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டபிள்ஸ் ஆட்டத்துக்குச் சோடி சேரும்போது, கியூ என்ற பந்தடிக்கும் கோல் சொந்தமாக இல்லாதவனை யாரும் கூட்டுச் சேர்ப்பதில்லை. இது எங்கும் எழுதி ஒட்டிய சட்டமல்ல. கிளப்புக்காரன் றாக்கையில் வைத்திருக்கும் கியூக்கள் அப்படி. ஒன்று இடப்பக்கம் வளைந்தது, இன்னொன்றுக்கு நுனித் தோலே இல்லை. அதைப் பிடித்து ஆடுகிறவன் தானும் தோற்பான், சோடிக்காரனையும் தோற்கடிப்பான். இல்லாவிட்டால் சோடிக்காரனின் கியூவை இரவல் கேட்பான். தன் கியூவை இன்னொருத்தன் வியர்வைக் கையில் கொடுக்க எவனுக்கு மனம் வரும்?

ஒஸ்வால்ட்டுக்கு வந்தது. பெயின்ட் அடிக்கிறவன் ஒஸ்வால்ட். அவனும் காளியப்பனும் ஒரே கியூவால் மாறி மாறி அடித்துத்தான் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தார்கள். “அடி மச்சான், கதவத் திறந்துதானே வச்சிருக்கிறாங்க” என்று மேசை மூலைப் பொக்கெட்டைக் காட்டிக் கத்துவான். அந்த ஒஸ்வால்ட் இத்தாலிக்குப் போய்விட்டான். போகும்போது கியூவையும் பையில் போட்டுக்கொண்டு போனான். அதிலிருந்து காளியப்பன் சுவரோரத்து வாங்கில் குந்தியிருந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கிறவனானான்.

புறக்கோட்டையில் மூட்டை இறக்கும் நாட்டாமி அவன். கிழமை முழுக்க அவன் காதில் விழும் பேச்சு “பிடி, தள்ளு, இறக்கு” என்பதுதான். மலையில் தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. தீபாவளிக்குப் போனால் சோறு போடுவார்கள், எப்போது திரும்புகிறாய் என்றும் கேட்பார்கள். கொட்டாஞ்சேனையில் பலகை அடித்துப் பிரித்த அறையில் பக்கத்து ஆளின் குறட்டை கேட்கும், முகம் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருந்த இடம் அந்தப் பூல் மேசை மட்டும்தான். அந்த இடம் திரும்ப வேண்டுமென்றால் ஒரு கியூ வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் குளித்துவிட்டு வெள்ளவத்தைக்குப் போனான். விளையாட்டுச் சாமான் கடை மர்ஸூக்குடையது; வாடிக்கைக்காரருக்கு அவன் ‘நானா’. கடைக்குள் ரப்பர் வாசம் அடித்தது.

“கியூ ஒண்ணு வேணுங்க நானா. ரொம்ப வெலையும் இல்லாம, ரொம்ப மட்டமாவும் இல்லாம.”

“அப்ப நடு வெல.” மர்ஸூக் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டான். “எல்லாரும் அதத்தான் கேக்கிற. நடு வெலையிலதான் ஏமாத்திற சாமானும் மிச்சம் ஈக்கிது. வாங்கொ காட்டுறன்.”

முதலில் ஒரு மலிவுக் கியூவை எடுத்தான். அடிப்பிடியில் சிவப்பு டிராகன் வாய் பிளந்துகொண்டிருந்தது. கண்ணாடி மேசையில் அதை உருட்டிவிட்டான். நுனி கால் முறிந்த கோழி மாதிரி ஏறி இறங்கியது.

“படம் வடிவு. மழைக்காலம் வந்தா இன்னும் வளையும். பொறகு ஆட்டுக்குக் கொழ ஒடிக்கத்தான்.”

“அந்தா உள்ள இருக்கே, அது?”

“அலுமாரியில ஈக்கிறதா? அது கல்கிசப் பக்கத்துச் சல்லிக்கார ஆக்களுக்கு. பாருங்கொ, பாக்கிறதுக்கு சல்லி இல்ல.”

காளியப்பன் பார்க்கவில்லை. பார்த்தால் ஆசை வரும்.

நடு விலையில் இரண்டு வகை கிடந்தன. ஒன்று இரண்டு துண்டாகக் கழன்று, நடுவில் பித்தளைத் திருகு வைத்தது. அதோடு கறுப்புப் பை சும்மா கிடைக்கும். மற்றது ஒரே மரம். படமில்லை, பையில்லை. ஒற்றைக் கண்ணை மூடி நுனிவரை பார்த்தான். நூல் பிடித்த மாதிரி நேர். உருட்டினான், தண்ணீர் ஓடுவதுபோல் ஓடியது. நகத்தால் நுனித் தோலை அழுத்தினான். உள்ளே போய் உடனே மேலே வந்தது.

“ரெண்டும் ஒரே வெல,” என்றான் மர்ஸூக். “இதுல குடுக்கிற சல்லி முழுக்க மரத்துக்கு. அதுல பாதி திருகுக்கும் பைக்கும் போகும்.”

ஒற்றைத் துண்டிலும் பாரம் கூடியதும் குறைந்ததும் இருந்தன. காளியப்பனின் கை தன்னால் பாரமானதைத் தூக்கியது.

“அய்யோ, மூட்டயா தூக்கப் போறீங்க?” மர்ஸூக் பறித்துக்கொண்டான். “பந்த அடிக்கோணும், கொல்லக் கூடாது. பாரம் கூடினா வெள்ளப் பந்தும் பின்னால பொக்கெட்டுக்குள்ள போகும்.”

லேசானதை எடுத்துக்கொடுத்தான். காளியப்பன் மேசையோரம் குனிந்து, இல்லாத பந்தை அடித்துப் பார்த்தான். கை தடங்கலில்லாமல் போய் வந்தது.

“ஆனா நான் உங்கட இடத்தில ஈந்தா ரெண்டு துண்டத்தான் எடுப்பன். பஸ்ஸில கொண்டு போகலாம்.”

“மூட்டு வச்சது எல்லாம் மூட்டுலதாங்க ஒடியும், நானா. மம்பட்டிப் பிடியில இருந்து தள்ளுவண்டி வரைக்கும் பாத்தவன் நான்.”

“இத ஒடைக்கிற அளவுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்க? சரி, ஒத்தத் துண்ட எங்க வெப்பீங்க?”

“கிளப்புலயே வச்சிருவேன்.”

மர்ஸூக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கரம் போட் கேட்டு ஒருத்தி வந்தாள். பேப்பரில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனான்.

பஸ்காரன் அந்த நீளத்தைப் பார்த்ததும் சிங்களத்தில் “பே அய்யே, பே” என்று, ஏற முடியாதெனக் கதவை மறித்தான். காளியப்பன் கடற்கரைப் பக்கம் இறங்கி ரயில் ஏறினான். கியூவை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டான். எதிரே மரக்கறிப் பையோடு இருந்த அம்மா அதை மேலும் கீழுமாகப் பார்த்தா.

“திரைச்சீலைக் கம்பியோ தம்பி?”

அவன் வாய் திறக்குமுன் அவவே சொன்னா: “புது வீடாக்கும்.”

“ஆமாங்கம்மா,” என்றான்.

“நல்லது. எத்தினை அறை?”

“ரெண்டு.”

“பிள்ளையளுக்கு ஒண்டு காணும். யன்னல் கடல் பக்கமோ?”

“ஆமாங்கம்மா, கடல் பக்கந்தான்.”

“அப்ப தடிச்ச சீலையாப் போடுங்கோ. உப்புக் காத்து.”

கோட்டையில் இறங்கும்போது அவ “சந்தோசமாய் இருங்கோ” என்றா. புறக்கோட்டையைக் கடந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் காளியப்பன் நடந்துதான் போனான். மூட்டை இல்லாத தோளில் கியூ இருப்பதே தெரியவில்லை.

கிளப்பில் கிளப்புக்காரன் ஜெயகுமார் மட்டும் கல்லாவில் இருந்தான். காதில் போன், யாருடனோ கரண்ட் பில்லுக்குச் சண்டை. காளியப்பன் பேப்பரைப் பிரித்து, கியூவை உயர்த்திக் காட்டி, றாக்கையில் நிறுத்தினான். ஜெயகுமார் போனில் கத்திக்கொண்டே தலையை ஆட்டினான். அது போதும் என்று காளியப்பன் நினைத்தான்.

மறுநாள் ஞாயிறு என்றும் பாராமல் வெங்காய லொறி வந்துவிட்டது. இறக்கி முடித்துக் கை கழுவி ஓடி வந்தபோது டபிள்ஸ் தொடங்கியிருந்தது. செட்டியார் தெரு நகைக்கடை விக்ரமன் மேசையில் குனிந்திருந்தான். அவன் கையில் காளியப்பனின் கியூ.

கறுப்புப் பந்து மூலைக்குள் சத்தமில்லாமல் போய் விழுந்தது.

“ஜெயா, இவ்ளோ நாளைக்கு அப்புறம் ஒரு உருப்படியான ஸ்டிக் வாங்கிப் போட்டிருக்கீங்களே! என்னோடத பையவிட்டே எடுக்கல.”

அப்போதுதான் காளியப்பனுக்கு உறைத்தது. சொந்தக் கியூ என்றால் பையிலிருந்து வரும். எல்லார் கண்முன்னும் திருகிச் சேர்ப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் கழற்றிப் பையில் போட்டுப் போவார்கள். றாக்கையில் நிற்பதெல்லாம் கிளப்புடையது. இத்தனை வருடம் வந்து போகிறவனுக்கு இது தெரியாததல்ல. கடையில் நின்றபோது கை மரத்தைத்தான் பார்த்தது.

போன் கடையில் வேலை செய்யும் தனுஷன் அவனைக் கண்டான். “அண்ணே, எங்களுக்கு ஒராள் குறையுது. அடிக்கிறீங்களா? ஸ்டிக் இருக்கா?”

“அது… அது என்னோடதுதான் தம்பி.”

“எது?”

“விக்ரமன் தம்பி கையில இருக்கே.”

தனுஷன் சிரித்துவிட்டான். “கிளப் ஸ்டிக்க எல்லாம் தன்னோடது எண்டுறார் பாருங்கோ!”

“பகிடி பண்ணாதே,” என்று ஜெயகுமார் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். “அவர்தான் நேத்து கொண்டந்து வச்சவர். கிளப்புக்கு எண்டு குடுத்திருக்கிறார். நாங்க சல்லிக்காரர் நாலு பேர் இருந்தும் ஒருத்தருக்குத் தோணேல்ல.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒஸ்வால்ட் போன பிறகு அந்த மண்டபத்தில் அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. விக்ரமன் கியூவை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு கை கொடுத்தான். “பெரிய மனசுண்ணே உங்களுக்கு.” யாரோ பிளேன்டீ சொன்னார்கள். தனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு, “ஸொறி அண்ணே” என்றான்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். கியூ கைக்கு வந்துவிடும். விக்ரமன் கொடுத்த கையும், சொல்லி வந்துகொண்டிருந்த பிளேன்டீயும் போய்விடும்.

“கிளப்புக்குத்தான்,” என்றான் காளியப்பன்.

பிளேன்டீ வந்தது, இஞ்சி போட்டது. அவன் குடித்து முடிக்கும்வரை அவர்கள் அடுத்த ஆட்டம் அடித்தார்கள். நாலாவது ஆளாகப் பையோடு வந்த ஒருத்தன் சேர்ந்துகொண்டான். போகும்போது தனுஷன் தோளில் தட்டினான்.

“வாற கிழமை கட்டாயம் சேருவம் அண்ணே. உங்களுக்கு ஒரு ஸ்டிக் மட்டும் கொண்டாங்கோ.”

வந்த கிழமை இன்னொரு கியூவுக்குச் சல்லி சேரவில்லை. அதற்கடுத்த கிழமையும் சேரவில்லை. அந்த ஞாயிறுகளில் காளியப்பன் வாங்கில் இருந்து, தன் கியூ கை மாறிக் கை மாறிப் போவதைப் பார்த்தான். “காளியண்ணன்ட ஸ்டிக்கக் கொண்டாடா” என்று மேசைக்கு மேசை அவன் பெயரைச் சொன்னார்கள். அதன் நுனித் தோல் பந்தில் வழுக்காமல் இருக்க, ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய்ச் சோக் பூசி வைத்தான்.

மழை தொடங்கிய பிறகுதான் திரும்ப வெள்ளவத்தைக்குப் போக முடிந்தது.

“என்னா, ஒத்தத் துண்டு?” என்றான் மர்ஸூக். “நல்லமில்லயா?”

“நல்லதுங்க நானா. நல்லா இருந்ததாலதான் குடுத்துட்டேன்.”

“ஆருக்கு?”

“கூட்டாளிமாருக்கு.”

“நெறயக் கூட்டாளிமார் போல.”

“ஆமாங்க.”

பித்தளைத் திருகு வைத்த நடு விலைக் கியூவைக் கழற்றி, பையில் போட்டு, சிப்பை இழுத்துக் கொடுத்தான். பஸ்காரன் மறிக்க மாட்டான். ஆனாலும் காளியப்பன் கடற்கரைப் பக்கம் இறங்கி ரயிலுக்குத்தான் போனான்.

யன்னலோரம் ஒரு அம்மா இருந்தா. முன்பு கண்டவ இல்லை, வேறு ஆள். அவன் எதிரே உட்கார்ந்து பையை மடியில் கிடத்தினான். குடைக்கான பை மாதிரிதான் இருந்தது. சற்றுப் பொறுத்து, சிப்பைக் கொஞ்சம் இழுத்து, கியூவின் நுனி வெளியே தெரியும்படி வைத்தான்.

அவ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தா.