பினாங்கில் படித்தது

வடிவாம்பாள் கணவரின் காய்ந்த உதட்டைப் பாலில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் பஞ்சாட்சரம் டாக்டரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். டாக்டர் கையில் ஊசி. பஞ்சாட்சரத்தின் கையில் நோட்டுப் புத்தகம்.

கட்டிலில் கிடக்கும் மயில்வாகனம் இளவயதில் பினாங்கில் ஒரு சீனரின் பட்டுக்கடையில் ஏழு வருஷம் வேலை செய்தவர். எதையும் வலிந்து செய்யாதே என்ற சீனத்து ஞானத்தை அந்த முதலாளியிடம் கற்று வந்தார். தம்பி பி.ஏ. படித்தவர்; இயற்கையை வெல்பவனே மனிதன் என்ற மேல்நாட்டுத் தத்துவத்தை வாசகசாலையில் வாரந்தோறும் முழங்குபவர். கைதட்டல் குறைந்தால் குரலை உயர்த்துவார். இருபது வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் இதே சண்டை. ரசம் ஆறிப்போகும். வரும் ஞாயிறு ‘சீனமும் ஐரோப்பாவும்’ என்று சொற்பொழிவு வேறு. கடைசியில் அண்ணன் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று முடித்தால் எடுப்பாக இருக்கும் என்பது தம்பியின் கணக்கு.

“ஊசி போட்டா ரெண்டு நாள் தாங்கும் அண்ணி.”

“காலையிலயே வாணாம்னு சொல்லிட்டாருப்பா.”

“அது பயத்துல சொன்னது. மனுஷன்னா போராடணும்.”

“யாரு? படுத்துக்கினு இருக்கிறவரா, நோட்டு வச்சிக்கினு நிக்கிற நீயா?”

டாக்டர் சுவரைப் பார்த்தார். வடிவாம்பாள் கணவரின் கையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மயில்வாகனம் கண் திறந்தார். தம்பி பென்சிலை எடுத்தார்.

“உக்காருப்பா,” என்றார் அண்ணன். அவ்வளவுதான்.

பஞ்சாட்சரம் உட்கார்ந்தார். டாக்டர் ஊசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

மூச்சு வந்தது. நின்றது. சாவகாசமாக மறுபடி வந்தது. இழுப்பு இல்லை, திணறல் இல்லை. பாலாற்றுத் தண்ணீர் மணலுக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனிதர் வடிவாம்பாளுக்குத் தெரியாத எதையோ அத்தனை பழக்கமாகச் செய்துகொண்டிருந்தார். அவள் உடம்பு சிலிர்த்தது. அழத் தோன்றவில்லை.

“போயிட்டாரா அண்ணி? எப்போ?” பஞ்சாட்சரத்தின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது.

“தெரியலப்பா.”

வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் சத்தமின்றித் திரும்பினாள். அவள் வீட்டுத் தறி நின்றது. சாவு விழுந்தால், எடுக்கும்வரை அந்த நெசவாளர் தெருவில் தறி ஓடாது. பக்கத்துச் சத்தம் அடங்கியதைக் கேட்டு அடுத்த வீடு நிறுத்தியது. அதைக் கேட்டு அதற்கடுத்த வீடு. யாரும் ஆள் அனுப்பவில்லை. வீடு வீடாக அமைதி நடந்துபோய்த் தெருக்கோடியைத் தாண்டுவதை இருவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.